மூட் என்றால் என்ன? சட்ட மாணவர் மன்றத்துக்குப் புதிதாக வரும் தம்பி தங்கச்சிகளுக்கு

பல்கலைக்கழகத்துக்கு வந்து மூன்றாவது கிழமை. கன்டீனில் சோற்றுப் பார்சலோடு இடம் தேடிக்கொண்டிருந்தபோது மூன்றாம் வருட அக்கா ஒருவர் தோளில் தட்டினார். "தங்கச்சி, சனிக்கிழமை மூட் இருக்கு. நேரம் பார்க்க ஒராள் குறையுது. வாறீரா?" மூட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. கேட்க வெட்கமாக இருந்தது. ஓம் என்றுவிட்டேன்.

சனிக்கிழமை காலை நான்கு அட்டைகளைக் கையில் தந்தார்கள். மூன்றில் 5, 2, 1 என்று தடித்த மார்க்கரில் எழுதியிருந்தது. நான்காவதில் சிவப்பு எழுத்தில் 'நேரம் முடிந்தது'. எனக்கு முன்வரிசையில், ஓரமாக ஒரு கதிரை. எதிரே நீண்ட மேசையில் மூன்று நீதிபதிகள்: ஒருவர் விரிவுரையாளர், மற்ற இருவரும் தொழில் செய்யும் சட்டத்தரணிகள். நடுவில், கறுப்புக் கோட்டு போட்ட இரண்டாம் வருட அண்ணா. அவருடைய கோவையின் ஓரமெல்லாம் மஞ்சளும் பச்சையுமாக ஒட்டுத்தாள்கள். நான் '5' ஐத் தூக்கிக் காட்டிய அதே நேரம் ஒரு நீதிபதி கேள்வி கேட்டார். அண்ணா பதில் சொல்லவில்லை. எழுதிக்கொண்டு வந்ததைத் தொடர்ந்து வாசித்தார். நீதிபதி பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்துகொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேனையை அவர் எடுக்கவேயில்லை.

அன்றைக்கு அங்கே பேசப்பட்ட சட்டத்தில் எனக்குப் பத்தில் ஒன்றுகூட விளங்கவில்லை. ஆனால் அந்தப் பேனை கீழே போனது விளங்கியது. இன்றைக்குப் புதுக்கடை நீதிமன்றங்களில் ஏறி இறங்கும்போதும் அதுதான் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பவற்றைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சட்டம் படிப்பிக்கும் இடம் எதுவானாலும் அங்கே ஒரு மாணவர் மன்றம் இருக்கும். கொழும்புப் பல்கலைக்கழகச் சட்ட பீடத்திலும், 1874 இல் தொடங்கிப் புதுக்கடையில் இயங்கும் இலங்கைச் சட்டக் கல்லூரியிலும் மாணவர் அமைப்புகள் பல உண்டு. சட்டக் கல்லூரியின் சட்ட மாணவர் தமிழ் மன்றம் வெளியிடும் 'நீதிமுரசு' மலரை உங்களில் சிலர் வீட்டு அலுமாரியிலேயே பார்த்திருப்பீர்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், இதழாசிரியர் என்று நிர்வாகம் ஒன்றைத் தெரிவு செய்வார்கள். அனுசரணை தேடி அலைவார்கள். வருடம் முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். அறிவித்தல் பலகையில் ஒட்டியிருப்பவற்றில் புதியவரை அதிகம் மிரட்டுவது மூட் என்ற சொல்தான். ஆகவே அதில் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறேன்.

இல்லாத வழக்கு, உண்மையான சட்டம்

மூட் என்பது கற்பனை வழக்கொன்றை நீதிமன்றத்தில் வாதிடுவது போலவே வாதிடும் பயிற்சி. தமிழில் பாவனை வழக்காடல் என்றும் மாதிரி நீதிமன்றம் என்றும் சொல்வார்கள். பேச்சில் எல்லோருக்கும் அது மூட்தான். லண்டனில் சட்டத்தரணிகளைப் பயிற்றுவித்த பழைய சங்கங்களில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மாணவர்கள் இப்படித்தான் தொழில் பழகினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். மூட்டில் சம்பவம் பற்றிச் சண்டை கிடையாது. என்ன நடந்தது என்பதை ஏற்பாட்டாளர்களே ஒரு பிரச்சினைத் தாளில் எழுதித் தந்துவிடுவார்கள். இரு தரப்பும் அதை அப்படியே ஏற்க வேண்டும். அந்தச் சம்பவத்துக்குச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்பதில்தான் போட்டி. சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது 'மாதிரி விளக்கம்' (mock trial) என்ற வேறொரு போட்டி. படங்களில் பார்த்துவிட்டு வருபவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பிரச்சினைத் தாள் எப்படி இருக்கும்? நானே ஒன்று கட்டித் தருகிறேன். வெள்ளவத்தையில் ஒரு பெண் சிறிய தையற்கடை வைத்திருக்கிறார். அவருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். மார்ச் 1 ஆம் திகதி ஓர் அரச அதிகாரசபையிடமிருந்து கடிதம் வருகிறது, சிங்களத்தில் மட்டும். வருடாந்தக் கட்டணத்தை நினைவூட்டும் கடிதமாக்கும் என்று நினைத்து லாச்சிக்குள் வைத்துவிடுகிறார். உண்மையில் அது அவருடைய அனுமதிப்பத்திரத்தை ரத்துச் செய்யும் கடிதம். ஏப்ரல் 15 ஆம் திகதி அலுவலர்கள் வந்து கடையைப் பூட்டி முத்திரை வைக்கிறார்கள். அப்போதுதான் அவருக்கு விஷயம் தெரிகிறது. ஏப்ரல் 25 இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்கிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் அந்தப் பெண் வெல்வது உறுதி போலத் தெரியும். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடத்திலும் ஒருவர் அரச அலுவலரிடமிருந்து தமிழில் கடிதம் பெற உரித்துடையவர். 12 ஆம் உறுப்புரை எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது, மொழியால் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 126 ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமைக்கு மட்டுமல்லாமல் மொழி உரிமைக்கும் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். வேறென்ன வேண்டும்?

அதே 126 ஆம் உறுப்புரையின் இரண்டாம் பந்தியை வாசியுங்கள். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். கடிதத்திலிருந்து எண்ணினால் 55 நாள். முத்திரை வைத்ததிலிருந்து எண்ணினால் 10 நாள். எந்த நாளிலிருந்து எண்ணுவது? முழு மூட்டும் இந்த ஒரு கேள்வியில் தொங்கும்.

எதிர்மனுதாரர் அணி 1988 ஆம் ஆண்டின் கமஎத்திகே எதிர் சிறிவர்தன தீர்ப்பை எடுத்துக்கொண்டு வரும்: ஒரு மாதம் என்பது கட்டாயம். மனுதாரர் அணியும் அதே தீர்ப்பைத்தான் கொண்டு வரும். ஏனென்றால், செய்ய முடியாததைச் செய்யும்படி சட்டம் யாரையும் வற்புறுத்தாது என்ற கோட்பாட்டின்படி, மனுதாரர் பக்கத்தில் தவறோ தாமதமோ இல்லாவிட்டால் விதிவிலக்கான சந்தர்ப்பங்களில் மனுவை ஏற்க நீதிமன்றத்துக்குத் தற்றுணிபு, அதாவது தானே தீர்மானிக்கும் அதிகாரம், உண்டு என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. உடனே எதிரணி கேட்கும்: வெள்ளவத்தையில் இருந்துகொண்டு சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கடிதத்தைக் காட்டாமல் லாச்சிக்குள் வைத்தது தவறில்லையா? மனுதாரர் தரப்பு திருப்பிக் கேட்கும்: தமிழில் கடிதம் பெறும் உரிமை உள்ளவர் ஏன் அயலவரின் தயவில் தங்க வேண்டும்? அந்தத் தாமதத்தை உண்டாக்கியதே அரசின் மீறல்தானே? முத்திரை வைத்தது தனியான, புதிய மீறல் என்று வாதிடவும் ஒரு வழி இருக்கிறது.

பிரச்சினை எழுதுபவர் இன்னொரு வரியும் சேர்த்துவிடுவார்: அந்தப் பெண் ஏப்ரல் 18 இல் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தார். 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு தெரிந்த மாணவருக்குக் கண் விரியும். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் போயிருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? திரும்பவும் அதே கேள்வியில் வந்து நிற்கிறோம். நல்ல பிரச்சினைத் தாளில் இப்படி ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கும். அதைப் பத்துத் தரம் வாசிக்காமல் நூலகத்துக்குள் போகாதீர்கள்.

எழுத்தும் பேச்சும்

முதலில் எழுத்துமூலச் சமர்ப்பணம். அதை மெமோரியல் என்பார்கள். பெரிய போட்டிகளில் ஓர் அணி இரு தரப்புக்கும் எழுத வேண்டும். இன்றைக்குத் தையற்கடைப் பெண்ணுக்காக வாதிடுபவர் நாளைக்கு அதிகாரசபைக்காக எழும்புவார். அட்டையில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்காது, அணிக்கு ஒரு குறியீட்டு எண் மட்டும் தருவார்கள். சொல் எண்ணிக்கை கூடினால் புள்ளி வெட்டு. ஒரு தீர்ப்பை மேற்கோள் காட்டினால் அதை நீங்களே முழுதாக வாசித்திருக்க வேண்டும். இணையத்தில் யாரோ எழுதிய சுருக்கத்தை நம்பி மேற்கோள் காட்டியவர் மேடையில் அகப்படுவதை நான் ஒரு தரத்துக்கு மேல் கண்டிருக்கிறேன். "அந்தத் தீர்ப்பில் மாறுபட்ட கருத்துச் சொன்ன நீதியரசர் யார்?" என்ற ஒரு கேள்வி போதும்.

பிறகு பேச்சு. பெரும்பாலும் தரப்புக்கு இருவர் பேசுவார்கள், ஒருவர் பேசாமல் மேசையில் இருந்து ஆராய்ச்சியில் உதவுவார். நம்முடைய உதாரணத்தில் முதலாமவர் கால எல்லையை எடுப்பார், இரண்டாமவர் மொழி உரிமையை எடுப்பார். மேசையில் இருப்பவரின் வேலையைக் குறைவாக நினைக்க வேண்டாம். நீதிபதி கேள்வி கேட்டு முடிப்பதற்குள் சரியான பக்கத்தைத் திறந்து, வரியைப் பென்சிலால் வட்டமிட்டு, பேசுபவரின் கைக்கு எட்டும் தூரத்தில் தள்ளிவைக்க வேண்டும். என்னுடைய முதல் போட்டியில் எனக்குக் கிடைத்ததும் அந்த வேலைதான்.

இனி அந்தப் பேனைக்கு வருகிறேன். புதியவர்கள் கேள்வியைத் தொந்தரவாக எடுத்துக்கொள்கிறார்கள். பாடமாக்கிய பேச்சு நடுவில் அறுந்துவிட்டதே என்ற பதற்றம். நீதிபதிக்கு உங்கள் பேச்சு தேவையில்லை, எழுத்தில் அதை ஏற்கெனவே வாசித்துவிட்டார். அவருக்குள் ஒரு சந்தேகம் இருக்கிறது, அதைத் தீர்த்தால் உங்கள் பக்கம் வரத் தயாராக இருக்கிறார். அதைத்தான் கேள்வியாகக் கேட்கிறார். "கற்றறிந்த சட்டத்தரணியே, கடிதம் அவருடைய கைக்குக் கிடைத்ததை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று கேட்டால் முதல் சொல் "ஆம்" என்று வர வேண்டும். பிரச்சினைத் தாளில் அப்படித்தானே இருக்கிறது! அதற்குப் பிறகுதான் "ஆனால் கிடைத்ததும் அறிந்ததும் ஒன்றல்ல, அதற்கு மூன்று காரணங்கள்" என்று தொடங்க வேண்டும். ஆம், இல்லை என்று சொல்லாமல் சுற்றி வளைத்தால் பேனை கீழே போகும். தெரியாவிட்டால் தெரியாது என்று மரியாதையாகச் சொல்லி, அடுத்த வாதத்துக்குப் போக அனுமதி கேட்கலாம். அதற்காக யாரும் உங்களை வெளியே அனுப்புவதில்லை.

பயிற்சிக்கு நாங்கள் செய்தது இதுதான். பின்னேரம் விரிவுரை முடிந்ததும் வெறும் வகுப்பறையில் ஒருவரை எழுப்பிவிட்டு, மற்ற நால்வரும் நிமிடத்துக்கு ஒரு கேள்வி கேட்போம். முதல் மூன்று நாள் எல்லோரும் அழுகிற நிலைக்கு வருவார்கள். ஐந்தாம் நாள் கேள்வி வராவிட்டால் பேசுபவருக்கே ஏதோ குறைவது போல இருக்கும்.

உள்ளூரில் மன்றம் நடத்தும் மூட்டில் தேறினால் தேசிய, சர்வதேசப் போட்டிகள் இருக்கின்றன. 1960 இல் தொடங்கிய ஜெசப் போட்டியில் இரண்டு கற்பனை நாடுகள் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் முன் நிற்பதாகப் பிரச்சினை இருக்கும், தரப்புக்கு 45 நிமிடம். செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு நடத்தும் ஹென்றி டுனான்ட் போட்டி போர்க்காலச் சட்டம் பற்றியது. நம்முடைய நாட்டிலிருந்து போகும் பிள்ளைக்கு அந்தப் பாடம் வெறும் பாடமாக இருக்காது.

கட்சிக்காரர் சொல்லாத கதை

மூட்டுக்கு இவ்வளவு எழுதிவிட்டேன். உண்மையில் தொழிலுக்கு வந்த பிறகு எனக்கு அதிகம் கைகொடுத்தது கட்சிக்காரர் (சட்டத்தரணியிடம் உதவி தேடி வருபவர்) நேர்காணல் போட்டி. அதற்கு மூட்டுக்கு உள்ள பகட்டு இல்லை, ஆகவே ஆட்கள் குறைவாகவே வருவார்கள். இரண்டு மாணவர் ஒரு மேசையில் இருப்பார்கள். கட்சிக்காரராக நடிக்க ஒருவர் வருவார். அவரிடம் பேசி, விஷயத்தை அறிந்து, என்ன வழிகள் உண்டு என்று சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு ரகசியத் தாள் கொடுத்திருப்பார்கள். சரியாகக் கேட்டால்தான் அதில் உள்ளதைச் சொல்வார்.

நான் கலந்துகொண்ட ஒன்றில் நடுத்தர வயது அம்மா ஒருவராக நடித்தவர் வந்து, "பிள்ளை, ஊரில ஒரு காணி இருக்கு. விக்கப்போறன். உறுதி எழுத எவ்வளவு முடியும்?" என்று கேட்டார். நாங்கள் நொத்தாரிசுக் கட்டணம், முத்திரை வரி என்று சொல்லத் தொடங்கிவிட்டோம். அடுத்த அறையில் இருந்த அணி வேறு விதமாகத் தொடங்கியது. "இருங்கோ அம்மா. தனியவா வந்தனீங்கள்?" என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியில் முழுக் கதையும் வந்தது. யாழ்ப்பாணத்தில் கல்யாணம் செய்தவர். கணவர் வெளிநாடு போய்ப் பல வருடமாகத் தொடர்பே இல்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியையும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கணவர் கைவிட்டுப் போயிருந்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை பெறலாம். சட்டம் எங்களுக்கும் தெரிந்திருந்தது. அந்த அம்மாவைத்தான் நாங்கள் பார்க்கவில்லை. அந்தச் சட்டம் இன்னும் இப்படி இருப்பது சரியா என்ற கோபம் எனக்கு இருக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

மத்தியஸ்தப் போட்டி என்றும் ஒன்று உண்டு. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகள் நாடு முழுக்க இயங்குவதால் அது நமக்குப் பழக்கமான விஷயம். தீர்ப்புச் சொல்லாமல், இரு பக்கத்தையும் ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவருவதற்குத்தான் புள்ளி. விவாதப் போட்டி, கட்டுரைப் போட்டி, மலர் வெளியீடு எல்லாம் பாடசாலையிலேயே பார்த்தவைதான். மலருக்கு எழுதுங்கள் என்று மட்டும் சொல்வேன். முதல் வருடத்திலேயே அச்சில் வந்த ஒரு கட்டுரை உங்களுடைய கட்டுரைதான், யாருடைய சிபாரிசும் அதற்கு வேண்டியதில்லை.

போட்டி இல்லாத வேலையும் மன்றங்களுக்கு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் தகவல் அறியும் உரிமை பற்றி விளக்கப் போனோம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி விண்ணப்பம் கொடுத்தால், தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். நாங்கள் திரையில் படம் காட்டி அரை மணித்தியாலம் பேசினோம். கடைசியில் ஓர் ஐயா எழும்பி, "தமிழில எழுதினா எடுப்பினமா?" என்று கேட்டார். எடுக்க வேண்டும் என்றோம். அங்கேயே இருந்து அவருடைய விண்ணப்பத்தை எழுதினோம். அதைப் பார்த்துப் பின்னால் பதினொரு பேர் வரிசையில் வந்துவிட்டார்கள். இப்படியான இடத்தில் ஒரு கட்டுப்பாடு தேவை. மாணவர் இன்னும் சட்டத்தரணி இல்லை. தகவல் சொல்லலாம், விளங்கப்படுத்தலாம். "உங்கட வழக்கை இப்படிப் போடுங்கோ" என்று சொல்லக் கூடாது. வழக்கு என்று வந்தால், 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள்.

ஆங்கிலம் ஓடவில்லை என்றால்

தமிழ் மொழியில் உயர்தரம் படித்துவிட்டு வவுனியாவிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வரும் பிள்ளைகள் அறிவித்தல் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டுப் பெயர் கொடுக்காமல் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். பெரிய மூட்கள் ஆங்கிலத்தில் நடப்பதுதான் காரணம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆராய்ச்சியாளராகப் பெயர் கொடுத்து உள்ளே போனேன். தீர்ப்பு வாசிக்க வாசிக்க, அந்தத் தீர்ப்புகளின் வசனங்களே வாய்க்கு வந்தன. நீதிமன்ற ஆங்கிலம் வீட்டு ஆங்கிலம் இல்லை, அதை எல்லோரும் புதிதாகத்தான் பழகுகிறார்கள். கொழும்பில் ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளையும் அங்கே தடக்கிக்கொண்டுதான் தொடங்குகிறது.

மன்றங்களை நடத்துபவர்களிடம் ஒரு கேள்வி. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரைப்படி சிங்களமும் தமிழும் நாடு முழுக்க நீதிமன்ற மொழிகள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நீதவான் முன்னால் நாளாந்தம் நடப்பது தமிழில். சாட்சியைத் தமிழில் குறுக்கு விசாரணை செய்ய எங்கே பழகுவது? மாதிரி விளக்கத்தைத் தமிழில் நடத்துவது செலவில்லாத வேலை. ஒரு மண்டபம், இரண்டு மேசை, வாக்குமூலம் இரண்டு, தொழிலில் உள்ள ஒருவரின் ஒரு சனிக்கிழமை. இதை வருடத்துக்கு ஒரு தரமாவது செய்யுங்கள். நீதிபதியாக இருக்க ஆள் கிடைக்காவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.

முதல் வருடக்காரருக்கு நான் தரும் முதல் வேலை இது. விரிவுரை இல்லாத ஒரு காலையில் புதுக்கடைக்குப் பஸ் எடுங்கள். அரசியலமைப்பின் 106 ஆம் உறுப்புரைப்படி நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமானவை, யாரும் போய் இருக்கலாம். மரியாதையான உடுப்பு, போனை அணைத்துவிடுங்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் நீதிபதி இருக்கும் பக்கம் பார்த்துத் தலை குனியுங்கள். கடைசி வாங்கில் இருந்து ஒரு மணித்தியாலம் பாருங்கள். வழக்கு விளங்காவிட்டால் பரவாயில்லை. கேள்வி வரும்போது சட்டத்தரணி என்ன செய்கிறார், நீதிபதியின் பேனை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். திரும்பி வந்து, அறிவித்தல் பலகையில் நேரம் பார்ப்பவர் தேவை என்று எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுங்கள்.